சூலியா தெருவின் மாடி அறைக்காகப் பேசுகிறேன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பினாங்குக்கு வருகிறவர் தங்க ஏற்றது வரலாற்றுப் புகழ் கொண்ட சொகுசு விடுதியா, ஒரு குடும்பம் நடத்துகிற எளிய விடுதியா? நான் குடும்ப விடுதிக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி இங்குள்ள ஈ அண்ட் ஓ, அதாவது ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல், சொகுசு விடுதியைப் பற்றி உருகிப் பேசினார். 1885இல் தொடங்கியது, கடலைப் பார்த்த அறைகள், ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் தங்கிய இடம் என்றார். அத்தனையும் உண்மை. ஃபார்குவார் தெருவில் போகும்போதெல்லாம் அந்த வெள்ளைக் கட்டடத்தை நின்று பார்க்கிறவன் நான். ஆனால் அதை உருவாக்கியது யார் என்று அவர் சொல்லவில்லை. சார்க்கீஸ் சகோதரர்கள்! ஓர் ஆர்மீனியக் குடும்பம். அவர்களில் இளையவர் அர்ஷாக், கையில் காசில்லாத தோட்டத் துரைமார்களின் பில்லைத் தள்ளுபடி செய்துவிடுவார் என்று இன்றும் கதை சொல்கிறார்கள். 1931இல் அவர் மறைந்தார். குடும்பத் தொழிலும் நொடித்துப்போனது. தோழி மெச்சிய உபசாரம் ஒரு குடும்பத்தின் உபசாரம், நடுவர் அவர்களே. அதே உபசாரத்தை நான் பினாங்கின் சூலியா தெருவில் கண்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு இங்கே இதய அறுவைச் சிகிச்சை. அம்மாவும் நானும் பேராக் மாநிலத்துச் சித்தியவானிலிருந்து வந்து, ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் ஒன்பது இரவுகள் தங்கினோம். அறைச் சாவியை ஒரு மரக்கட்டையில் கோத்திருப்பார்கள். எண்ணைச் சிவப்புச் சாயத்தில் கையால் எழுதியிருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து நாங்கள் திரும்ப இரவு பதினொன்றாகிவிடும். கதவைப் பாதி சாத்திவிட்டு, சாமி மாடத்தின் சிவப்பு விளக்கடியில் அந்த வீட்டுச் சீன ஆன்டி உட்கார்ந்திருப்பார். காலடியில் சுடுதண்ணீர் ஃபிளாஸ்க். "சுடா மாக்கான்?" சாப்பிட்டாயிற்றா என்று மலாயில் கேட்பதுதான் முதல் வார்த்தை. அம்மா வெள்ளிக்கிழமை சைவம் என்று ஒருமுறை சொன்னேன். அடுத்த வெள்ளியன்று வெறும் கஞ்சியும் வேர்க்கடலையும் மூடி வைத்திருந்தார். எந்தப் பதிவேட்டில் அதை எழுதி வைத்தார்?

மரபைக் காப்பது பெரிய விடுதிதான் என்றும் எதிரணி வாதிட்டது. 2008இல் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியத் தலமாக யுனெஸ்கோ அறிவித்ததே, பல இன மக்கள் இன்னும் வாழ்கிற நகரம் என்பதால்தானே! அதற்கு முன்பே இங்கே பெரிய அடி விழுந்தது. பழைய வீடுகளுக்கான வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 பிறந்தபோது முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது, தலைமுறைகளாக இருந்தவர்கள் வெளியேறினார்கள். தமிழ் முஸ்லிம் வணிகர்களான சூலியாக்களின் பெயர் தாங்கிய தெருவிலேயே எத்தனை வாசல்கள் இருண்டுபோயின! அங்கே கீழே குடியிருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விடுகிற குடும்பம், தெருவில் ஒரு விளக்கை எரியவிடுகிறது. நாம் கொடுக்கும் வாடகை அந்த விளக்குக்குத்தான் போகிறது.

லிஃப்ட் இல்லை, பலகைச் சுவர் மெல்லியது, குளியலறை பொது. ஒப்புக்கொள்கிறேன்.

போன தைப்பூசத்துக்கு மறுபடியும் வந்தோம். தண்ணீர்மலை முருகன் கோவிலிலிருந்து நேரே அந்த வீட்டுக்குத்தான் போனோம். ஆன்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தார் அப்பா. ஆன்டி உள்ளே போய் இன்னொரு நாற்காலி எடுத்து வந்தார்.

நன்றி, வணக்கம்.