எரிந்தது ஆலை, விழுந்தது மாட்டு விலை! எப்படி?

2019 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஹோல்கம் என்கிற சின்ன ஊர். அங்கே டைசன் நிறுவனத்தின் மாட்டிறைச்சி ஆலையில் தீ. சில நாட்களிலேயே மாடு வளர்த்தவருக்குக் கிடைத்த விலை இறங்கியது. ஆலைகள் விற்ற இறைச்சியின் விலையோ ஏறியது. ஒரே மாடு, ஒரே வாரம். எங்கேயோ இடிக்கிறது இல்லையா?

வரலாற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1921லேயே இறைச்சி ஆலைகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்துவிட்டது. 1977இல் மாட்டிறைச்சிச் சந்தையில் நான்கு பெரிய நிறுவனங்களின் பங்கு கால்வாசி. இப்போது சுமார் 85 சதவீதம். இப்போதைய நால்வர்: டைசன், கார்கில், ஜேபிஎஸ், நேஷனல் பீஃப். இதில் ஜேபிஎஸ் பிரேசில் நிறுவனம். ‘நேஷனல்’ என்று பெயர் வைத்த நேஷனல் பீஃபிலும் பெரும்பங்கு பிரேசில்காரர்களுடையதுதான்! எந்த நேஷன் என்று அவர்கள் சொல்லவே இல்லை பாருங்கள்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். உடுக்கை பார்த்திருப்பீர்கள். இரண்டு முகமும் அகலம், இடுப்பு மட்டும் ஒடுக்கம். ஒரு முகத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாட்டுப் பண்ணைகள். மறு முகத்தில் 33 கோடி மக்கள். இடுப்பில் நான்கு பேர். உடுக்கை அடிப்பவர் இடுப்புக் கயிற்றை லேசாக அழுத்தினால் போதும், இரண்டு பக்கத் தோலும் சேர்ந்தே விறைக்கும். ஹோல்கம் தீ அந்த அழுத்தம்தான். நாளுக்குச் சுமார் 6,000 மாடுகளை எடுத்துக்கொண்டிருந்த ஆலை அது. நாட்டின் மொத்தத் திறனில் ஐந்தாறு சதவீதம்.

மூட்டை கட்டிய தானியமென்றால் விலை வரும்வரை கிடங்கில் போட்டு வைக்கலாம். கொழுத்த மாட்டை எங்கே வைப்பது? அது தினமும் தின்னும், இன்னும் கொழுக்கும், கொழுப்பு அதிகமானால் விலையும் குறையும். வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். மறு பக்கத்தில் கடைக்காரர்கள் சரக்கு கிடைக்காமல் போய்விடுமோ என்று முண்டியடித்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மற்ற ஆலைகள் சனிக்கிழமையும் ஓடி ஈடுகட்டியதால் அறுத்த மாடுகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவே இல்லை! ஆனாலும் மாட்டு விலைக்கும் இறைச்சி விலைக்கும் நடுவிலான இடைவெளி, ஆலைகள் விலைகளை அரசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிற கட்டாய விலை அறிக்கை 2001இல் தொடங்கியதிலிருந்து அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. அமெரிக்க வேளாண் துறை ஆராய்ந்தது. சதி என்று அறிக்கை சொல்லவில்லை, சதியே இல்லை என்றும் அடித்துச் சொல்லவில்லை. என் கருத்தைக் கேட்டால், இடுப்பு இவ்வளவு ஒடுங்கிய பிறகு சதி செய்யவே தேவையில்லை.

ஆலை டிசம்பரில் மெல்லத் திறந்தது. அடுத்த வருடம் கொரோனா வந்து பல ஆலைகளை ஒரே நேரத்தில் முடக்கியபோது, 2020 மே மாதத்தில் அந்த இடைவெளி முந்தைய சாதனையைப் பல மடங்கு தாண்டிவிட்டது.

உடுக்கையைவிட நல்ல உவமை உங்களிடம் இருந்தால் கமெண்டில் போடுங்கள். நான் மாற்றிக்கொள்வதாக இல்லை, ஆனாலும் போடுங்கள்.