ஒரு கிராமுக்கும் குறைவான கொழுப்பு

வணக்கம். இந்த வாரம் வரகரிசி அடை செய்து காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். காரணம், என் அண்ணனின் ஸ்கேன் அறிக்கை. பழைய வீடியோக்களில் அவரைப் பார்த்திருப்பீர்கள், தொப்பை கூடத் தெரியாத ஒல்லியான மனிதர். அவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 148 என்று வந்தது. வயிற்று ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று எழுதியிருந்தது. அறிக்கையைக் கையில் கொடுத்தவர், “கிரேடு 1 இப்போது எல்லோருக்கும் இருப்பதுதான், ஒல்லியாக வேறு இருக்கிறீர்கள், இதைப் பெரிதுபடுத்தாதீர்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்று நாட்களாகியும் எனக்கு அந்தக் கோபம் தணியவில்லை. சர்க்கரையும் கல்லீரல் கொழுப்பும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்போது, இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எப்படி விடுவது?

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்து மருத்துவர் ராய் டெய்லர். எடைக் குறைப்புக்காக இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, உடல் மெலிவதற்கு முன்பே, சில நாட்களில் சர்க்கரை இறங்கிவிடுவதை மருத்துவ உலகம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அதற்கு அறுவையே காரணமென்று பலர் எண்ணியபோது, அந்த நாட்களில் நோயாளி ஏறக்குறைய ஒன்றும் உண்பதில்லை, காரணம் அதுவாக இருக்கலாம் என்று அவர் யோசித்தார். அந்த யோசனையை 2008ஆம் ஆண்டில் ‘இரட்டைச் சுழல்’ என்னும் கருதுகோளாக எழுதினார். தேவைக்கு மேல் உண்ட மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. கொழுப்பு ஏறிய கல்லீரல் இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் இரவு முழுவதும் சர்க்கரையை உற்பத்தி செய்கிறது. அதைச் சமாளிக்கச் சுரக்கும் கூடுதல் இன்சுலின் இன்னும் கொழுப்பைச் சேர்க்கிறது. இது முதல் சுழல். கல்லீரல் இரத்தத்தில் ஏற்றி அனுப்பும் கொழுப்பில் ஒரு பங்கு கணையத்தில் படிந்து, இன்சுலின் சுரக்கும் செல்களை மந்தமாக்குவது இரண்டாவது சுழல்.

அவர் குழு 2011இல் வெளியிட்ட சோதனையில் சர்க்கரை நோயாளிகள் 11 பேர்தான் இருந்தார்கள். எட்டு வாரங்களுக்கு நாளொன்றுக்கு 600 கலோரி மட்டும் உணவு. ஏழே நாட்களில் கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்தது; வெறும் வயிற்றுச் சர்க்கரை, நம் கணக்கில் சொன்னால், 166இலிருந்து 106க்கு இறங்கியது. கணையம் மெதுவாகத்தான் அசைந்தது. அதிலிருந்த கொழுப்பு எட்டு வாரங்களில் 8 சதவீதத்திலிருந்து 6.2 ஆனது, இன்சுலின் சுரப்பும் அதனுடன் சேர்ந்து மீண்டது. இந்த வரிசை, முதலில் கல்லீரல், பிறகு கணையம் என்பது, எனக்கு மிகவும் பிடித்தது.

600 கலோரி என்றால் எவ்வளவு என்று கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு, மேலமாசி வீதியில் ஒரு சமையலறைத் தராசு வாங்கினேன். 490 ரூபாய் கேட்டார்கள்; கால் மணி நேரம் பேசி 430க்கு முடித்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே பேட்டரி இல்லை. பெட்டியின் மேல் பேட்டரிப் படம் அத்தனை பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்! மறுபடி இறங்கிப் போய் 40 ரூபாய்க்கு இரண்டு வாங்கிப் போட்டேன். ஆகக் கணக்கு 470. நான் குறைத்து வாங்கிய 60இல் எனக்கு மிஞ்சியது 20 ரூபாய். கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது இப்போதும் என் வருத்தம்.

அண்ணன் மதியம் வழக்கமாகச் சாப்பிடும் சோற்றை அவர் தட்டிலேயே போட்டு நிறுத்தேன். 770 கிராம் காட்டியதும் திகைத்துப்போனேன். பிறகுதான் எவர்சில்வர் தட்டின் எடையைக் கழிக்கவில்லை என்பது தெரிந்தது. தட்டு 310, சோறு 460. சமைத்த வெள்ளை அரிசிச் சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. குழம்பும் பொரியலும் இல்லாமல், அந்தத் தட்டுச் சோறு மட்டும் ஏறக்குறைய 600 கலோரி. நியூகாசில் நோயாளிகளின் ஒரு முழு நாள் உணவு என் அண்ணனின் ஒரு வேளைச் சோறு என்பதை அந்தத் தராசு காட்டியபோது, 470 ரூபாயும் தகும் என்று தோன்றியது.

ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன், அந்த 11 பேரோடு கதை நிற்கவில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து மருத்துவர் மைக் லீனுடன் சேர்ந்து டெய்லர் நடத்திய ‘டைரெக்ட்’ ஆய்வில் 306 பேர் இருந்தார்கள். ஓராண்டு முடிவில், உணவுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 46 சதவீதத்தினருக்கு மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நோய் தணிந்திருந்தது. வழக்கமான சிகிச்சைப் பிரிவில் அது 4 சதவீதம். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம். இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்புகிறது.

ஒல்லியானவருக்கு என்ன கொழுப்பு என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யட்கினும் 2004இல் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண், 22.3; யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2. ஒவ்வோர் உடலுக்கும் கொழுப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஓர் அளவு இருக்கிறது, அதைத் தாண்டினால்தான் அது கல்லீரலுக்கும் கணையத்துக்கும் வழிகிறது என்பது டெய்லரின் விளக்கம். பிஎம்ஐ 27க்குக் கீழிருந்த 20 பேரைக் கொண்டு அவர் குழு பின்னர் செய்த சோதனையில் 14 பேருக்கு நோய் தணிந்தது.

அண்ணன் ஏற்கெனவே மாத்திரை எடுப்பதால், உணவை நாங்களாகக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கக்கூடும். ஆகவே தட்டில் இன்னும் கை வைக்கவில்லை. நாளைக் காலை சர்க்கரை நோய் மருத்துவரிடம் போகிறோம். நியூகாசில் குழு 2015இல் ஒன்றைக் காட்டியது: கணையத்திலிருந்து ஒரு கிராமுக்கும் குறைவான கொழுப்பு இறங்கினாலே இன்சுலின் சுரப்பு மீள்கிறது. என் தராசு ஒரு கிராமுக்குக் கீழே எதையும் காட்டாது. அந்த அறிக்கையையும் சோற்றுக் கணக்கையும் ஒரே உறையில் போட்டு, வாசற்கதவுப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.