பலகையில் எழுதிய விலை

நேயர்களுக்கு வணக்கம். காய் வாங்கப் போனால் முதலில் என்ன செய்வீர்கள்? வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடித்துப் பார்ப்பீர்கள். தேங்காய் என்றால் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பீர்கள். நான் பலகையைப் பார்ப்பேன். உழவர் சந்தையில், இன்றைக்கு எந்தக் காய் என்ன விலை என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அந்தப் பலகை. வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தபோது சில வருடங்கள் அந்தப் பலகையை எழுத வைத்தவர்களில் நானும் ஒருவன். ஓய்வு பெற்றும் பழக்கம் விடவில்லை. "படிச்சது போதும், பையைப் பிடிங்க" என்பாள் என் மனைவி.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறந்தது. அப்போது முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி. சரியாக ஒரு வருடம் கழித்து நூறாவது சந்தை சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் வந்துவிட்டது. விவசாயியே நேராக வந்து விற்கிற இந்த யோசனை புதிதில்லை. பஞ்சாபில் 1987-லேயே அப்னி மண்டி என்று ஒன்று இருந்தது. ஆந்திரத்தில் ரைத்து பஜார் நமக்குச் சில மாதம் முந்திக்கொண்டது. அதனால் என்ன, நல்லதை யாரிடமும் கற்றுக்கொள்ளலாம்.

பலகைக்கு வருகிறேன். அதில் எழுதும் விலை எப்படி வருகிறது தெரியுமா? பலர் அரசாங்கம் போடுகிற விலை என்று நினைக்கிறார்கள். விவசாயிகளும் அலுவலர்களும் சேர்ந்து உட்கார்ந்து போடுகிற விலை அது. விடிவதற்குள் மொத்த மார்க்கெட்டில் என்ன விலை என்று கேட்டு வாங்கிவிட வேண்டும். உதாரணத்துக்குக் கத்தரிக்காயை எடுத்துக்கொள்வோம். மண்டியில் கிலோ 30 ரூபாய், தெருக் கடையில் 45 ரூபாய் என்று வையுங்கள். முப்பதோடு நூற்றுக்கு இருபது சேர்த்தால் 36. நாற்பத்தைந்தில் நூற்றுக்குப் பதினைந்து கழித்தால் 38 ரூபாய்ச் சொச்சம். இந்த இரண்டுக்கும் நடுவில் 37 என்று எழுதுவோம். மண்டிக்குக் கொண்டுபோனால் கிடைப்பதைவிட விவசாயிக்கு ஏழு ரூபாய் கூடுதல். உங்களுக்கு எட்டு ரூபாய் மிச்சம். மண்டியில் கமிஷன் பிடிப்பார்கள், சுமைக்கூலி தனி. இங்கே கடைக்கு வாடகை கிடையாது, தராசும் சந்தையிலேயே கொடுத்துவிடுவார்கள். கணக்கு இவ்வளவுதான்.

கணக்கு இவ்வளவுதான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கீரைக்கார அம்மா வந்து அதைக் கலைத்தார்.

பெரும்பாலான காய் கிலோவில் போகும், கீரை கட்டுக் கணக்கு. பலகையிலும் கட்டுக்கு இவ்வளவு என்றுதான் எழுதுவோம். கட்டு என்றால் எவ்வளவு? ஒருவர் கட்டு கொழுத்திருக்கும், இன்னொருவர் கட்டு நோஞ்சான். வாங்குகிறவர்கள் என்னிடம் வந்து சண்டை. நான் அப்போது புதிது, சூடு அதிகம். ஒரு கட்டு 300 கிராம் என்று விதி போட்டு, கீரை விற்கிற எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்துப் பார்த்தேன். அந்த அம்மாவின் அரைக்கீரைக் கட்டு விடியற்காலையில் முந்நூறைத் தாண்டியது. எனக்குப் பெருமை. எட்டு மணிக்கு மறுபடி நிறுத்தேன், 260. கீரைக்குத் தண்ணீர் தெளிக்காமல் இருக்க முடியாது. தெளித்தால் எடை ஏறும், வெயில் பட்டால் இறங்கும். இது வேளாண்மை படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? "காலையில பாஸு, வெயில் வந்தா ஃபெயிலா சார்?" என்று கேட்டார் அந்த அம்மா. சந்தையே சிரித்தது.

அப்புறம் கையை விரித்துக் காட்டினார். "இந்தக் கைக்குள்ள அடங்குறதுதான் சார் கட்டு. எனக்கு வேற கை கிடையாது." வாழைநாரால் கட்டிக் கட்டி விரல் இடுக்கெல்லாம் கறுத்திருந்தது. மூன்றே நாளில் என் விதியை நானே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கடையைக் கவனிக்க ஆரம்பித்தேன். வாடிக்கைக்காரர்கள் யாரும் பக்கத்துக் கட்டு பெரிதா என்று பார்க்க மாட்டார்கள். ஒருவர் முழங்கால் வலி என்றால் மறுநாள் சாக்குக்கு அடியிலிருந்து முடக்கத்தான் வரும். பிள்ளை பெற்ற வீட்டுக்கு முருங்கைக்கீரை தனியாகக் கட்டி இருக்கும். "டீச்சரம்மாவ ரெண்டு நாளா காணோமே" என்று விசாரிப்பார். கொசுறாகக் கொத்தமல்லி போடுவதும் ஆளைப் பார்த்துத்தான்; பேரம் பேசுகிறவருக்கு நான்கு காம்பு, பேசாதவருக்கு ஒரு பிடி. ஒரு வாரம் அந்த அம்மாவே வரவில்லை. காய்ச்சல். என் பதிவேட்டில் அது ஒரு காலிக் கட்டம்தான். ஆனால் காலை ஆறு மணியிலிருந்து ஒவ்வொருவராக என்னிடம் வந்து, "கீரைக்காரம்மா வரலையா சார், உடம்புக்கு என்ன?" என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் இரண்டு பேர் பஸ் ஏறி அவர் ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பல வருடமாக ஒரே தெருவில் இருந்தும் அவர்கள் இருவருக்கும் அதுவரை பழக்கமில்லையாம். கீரைக் கடையில் அறிமுகமானவர்கள்.

கதையிலேயே நேரம் போகிறது. பலகையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சந்தைக்குள் காலே வைக்காதவருக்கும் அந்தப் பலகை வேலை செய்கிறது. எங்கள் தெருவில் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் வருவார். தக்காளி நாற்பது என்பார். மாடியிலிருந்து ஒரு அக்கா, "சந்தையில முப்பத்திரண்டாமே" என்பார். வண்டி ஒரு நிமிடம் யோசிக்கும், முப்பத்தாறுக்கு வரும். அவரும் வெயிலில் தள்ளிக்கொண்டு வருகிறவர், நாலு ரூபாய் நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. விலை இன்னதென்று ஊருக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன். பலகை இருக்கிற ஊரில் நாற்பதை ஐம்பது என்று சொல்ல வாய் கூசும். இதனால்தான் பலகை எழுதாத நாளில் எனக்குக் கோபம் வரும். எட்டு மணிக்கும் நேற்றைய விலையே இருந்த சந்தையை நான் பார்த்திருக்கிறேன்.

2020 ஊரடங்கில் பல ஊர்களில் காய்க் கடைகளைப் பேருந்து நிலையத்துக்கும் மைதானத்துக்கும் மாற்றினார்கள். பஸ் நிற்கிற இடத்தில் பூசணிக்காய். நான் முகக்கவசத்தோடு நின்று பார்த்தேன். சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றுகொண்டே அடுத்த வட்டத்தில் இருப்பவரிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

கையில் இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது, கடிகாரம் இடம் கொடுக்காது போலிருக்கிறது. சந்தையில் விற்க விவசாயிக்குக் கொடுக்கிற அடையாள அட்டை பற்றிப் பேச நினைத்தேன். கிராம நிர்வாக அலுவலர் சான்று, நிலத்தில் என்ன பயிர் என்று சரிபார்ப்பு, எல்லாம் முடிந்துதான் அட்டை. ஆனாலும் வியாபாரி உழவராக உள்ளே வந்துவிடுவதுண்டு. மலைப்பகுதியே இல்லாத ஊர் அட்டையோடு கேரட் விற்கிறார் என்றால் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை. 2013-ல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தையும் எழுதி வைத்திருந்தேன். ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், சமைப்பது சுய உதவிக் குழுப் பெண்கள். உழவர் சந்தையில் பத்து மணிக்கு மிஞ்சுகிற காயை அந்த மாதிரி அடுப்புகளுக்கு அனுப்பலாமே என்பது என் நெடுநாள் ஆசை. அதை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன்.

நாளைக்குப் போகிறவர்கள் ஏழு மணிக்கு முன்னால் போங்கள், கீரை அதற்குள் தீர்ந்துவிடும். துணிப்பையும் சில்லறையும் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.