கண்ணை மட்டும் விட்டுவிட்டு

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குக் கேமராவை நேராக மைதானத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். எனக்குப் பின்னால் தெரிவதுதான் சாயங்காலங்களில் நான் பிள்ளைகளுக்குப் பேஸ்கெட்பால் சொல்லிக்கொடுக்கும் கோர்ட். ஐந்தரைக்கு மேல்தான் வருவார்கள். அதற்குள் மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஒரு அப்பா மகனைக் கொண்டுவந்து சேர்த்தார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்றார். நம் எல்லோருக்கும் பழகிய பேச்சுதான். என் அப்பாவும் என் கோச்சிடம் இதே வார்த்தையைச் சொல்லித்தான் என்னை விட்டுவிட்டுப் போனார். பாசத்தில்தான் சொன்னார். ஆனால் போன வாரம் அதைக் கேட்ட ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. திட்டித் திட்டி வளர்க்கும்போது விளையாடுகிற பிள்ளையிடமிருந்து முதலில் பறிபோவது அந்தக் கண்தான் என்று எனக்குத் தெரியும்.

நான் பத்தாவது படித்த வருடம். மாவட்ட அளவிலான போட்டியில் அரையிறுதி. கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு பாயின்ட் பின்னால் இருக்கிறோம். என்னை ஒருவன் தள்ளிவிட்டதில் எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பேஸ்கெட்பாலில் எதிரணி யாரும் கைநீட்டித் தடுக்க முடியாத ஷாட் இது. போர்டிலிருந்து 4.6 மீட்டர் தள்ளிக் கோடு. வளையம் 3.05 மீட்டர் உயரம். பந்து கைக்கு வந்தால் 5 விநாடிக்குள் போட வேண்டும். அவ்வளவுதான். தினமும் காலையில் நூறு போட்டுவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போவேன்.

அன்றைக்கு அந்த 5 விநாடியில் நான் வளையத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சைப் பார்த்தேன். கோச் கையில் ஒரு துண்டு இருக்கும். கோபம் வந்தால் அதை முறுக்கித் தொடையில் அடித்துக்கொண்டே இருப்பார். துண்டு முறுக்கியிருக்கிறதா, இல்லையா? அதைத்தான் பார்த்தேன். முதல் ஷாட் வளையத்தில் பட்டு வெளியே போனது. மறுபடியும் பெஞ்சைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே சொல்ல மாட்டேன், இதைப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். இரண்டாவது ஷாட் வளையத்தைத் தொடவே இல்லை.

ஒரு பாயின்டில் தோற்றோம். திரும்பி வரும் வேனில் ஒன்றரை மணி நேரம், எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். முழங்கை வெளியே போனதைப் பற்றியோ முழங்கால் மடங்காததைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. நான் எப்படிப்பட்டவன், என்னால் எதுவும் ஆகாது என்பது மட்டும்தான் பேச்சு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என் தண்ணீர் பாட்டிலைக்கூட வாங்கிக் குடிக்கவில்லை. என்னோடு ஒட்டிக்கொண்டால் தனக்கும் விழும் என்று பயந்தான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஆடினேன். ஆடினேன் என்றால், பந்து கைக்கு வந்த உடனே யாரிடமாவது தள்ளிவிடுவேன். ஷாட் எடுத்தால்தானே தப்பாகும்? வெளியே இருந்து பார்ப்பவர்கள், "பையன் நல்லா பாஸ் பண்றான்" என்பார்கள். நான் ஒளிந்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். திட்டு வாங்கும் பிள்ளை தப்பைக் குறைப்பதில்லை. தப்பு தன் பேரில் விழாமல் இருக்க என்ன வழி என்று கற்றுக்கொள்கிறது. இதை நீங்கள் எந்த விளையாட்டிலும் பார்க்கலாம். கேட்ச் தன் பக்கம் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே நிற்கும் ஃபீல்டரைப் பார்த்ததில்லையா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த கோச் கெட்டவர் இல்லை. ஷூ வாங்க முடியாத பையனுக்குத் தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தவர். விடிகாலை ஐந்து மணிக்கு எங்களுக்கு முன்னால் வந்து கோர்ட்டைப் பெருக்குவார். அவரும் அப்படியே திட்டு வாங்கி வளர்ந்தவர்தான். வேறு வழி அவருக்கு யாரும் காட்டவில்லை.

இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி எனக்குத் தெரியும். "கடுமையாக இருந்த கோச்கள்தானே கப் ஜெயித்தார்கள்?" சரி, அந்தப் பக்கத்துக்கே வருகிறேன். அமெரிக்கக் கல்லூரிப் பேஸ்கெட்பாலில் பாபி நைட் என்று ஒருவர் இருந்தார். இண்டியானா பல்கலைக்கழகத்தின் கோச். 1976, 1981, 1987 என்று மூன்று முறை தேசிய சாம்பியன். 1976இல் அவருடைய அணி 32 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஆண்கள் முதல் பிரிவில் அப்படி ஒரு சீசனை அதற்குப் பிறகு யாரும் முடிக்கவில்லை. பெரிய மூளை, அதில் சந்தேகமே வேண்டாம்.

அதே மனிதர்தான் 1985 பிப்ரவரி 23 அன்று பர்டியூ அணியோடு நடந்த ஆட்டத்தில் நடுவர் மேல் வந்த கோபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக் கோர்ட்டுக்குள் வீசினார். எதிரணிப் பையன் ஃப்ரீ த்ரோ போடத் தயாராக நிற்கிறான், அவன் முன்னால் நாற்காலி சறுக்கிக்கொண்டு போகிறது. அந்த வீடியோவை இன்றைக்கும் வேடிக்கையாகப் பகிர்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நான் பெஞ்சில் இருந்த அவருடைய சொந்தப் பிள்ளைகளின் முகத்தைத்தான் தேடுகிறேன்.

அவரிடம் ஆடிய நீல் ரீட் என்ற வீரர், பயிற்சியின்போது நைட் தன் கழுத்தைப் பிடித்தார் என்று 2000ஆம் ஆண்டில் வெளியே சொன்னார். முதலில் நிறையப் பேர் அவரைத்தான் ஏசினார்கள். அப்புறம் 1997இல் எடுத்த பயிற்சி வீடியோ வெளியே வந்தது. கை கழுத்தில் இருந்தது. பல்கலைக்கழகம் நைட்டுக்கு இனி ஒரு தப்பும் கூடாது என்று எச்சரிக்கை கொடுத்தது, அதே வருடம் செப்டம்பரில் வேலையை விட்டு நீக்கியது. ரீட் அதற்கு முன்பே இண்டியானாவை விட்டு வேறு கல்லூரிக்குப் போய்விட்டவர். பின்னாளில் கலிபோர்னியாவில் பள்ளி ஆசிரியராக, பிள்ளைகளுக்குக் கோச்சாக இருந்தார். 2012இல், 36 வயதில் இறந்துபோனார். மூன்று கோப்பைகளை எண்ணுகிறவர்கள் இவரையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

இது கல்லூரிப் பிள்ளைகள் கதை, கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் ஆட்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கலாம். 2016இல் எரிக்கா கார்ல்டன், ஜூலியன் பார்லிங் முதலானோர் வெளியிட்ட ஒரு ஆய்வு, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்கெட்பால் லீக்கான என்பிஏவின் வீரர்களைப் பற்றியது. 57 கோச்கள், 693 வீரர்கள். கேவலப்படுத்தி நடத்தும் கோச்சிடம் ஆடியவர்களின் ஆட்டத் திறன் குறைந்தது, களத்தில் சண்டை பிடித்து வாங்கும் டெக்னிக்கல் ஃபவுல் கூடியது. அந்த கோச்சை விட்டு வேறு அணிக்குப் போன பிறகும் அந்தத் தடம் அவர்களோடு போனது. வளர்ந்த ஆண்கள், ஆறரை அடி உயரம். அவர்களுக்கே இப்படி என்றால் இங்கே வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு?

கோபமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். வடக்குக் கலிபோர்னியாவில் 23 பள்ளி, கல்லூரி அணிகளின் கோச்கள் இடைவேளையில் பேசிய 304 பேச்சுகளைப் பதிவு செய்து கேட்டார்கள். பேரி ஸ்டாவும் அவரோடு இருந்தவர்களும் 2019இல் வெளியிட்டது. கோச் கொஞ்சம் காட்டமாகப் பேசிய ஆட்டங்களில் பிற்பாதி நன்றாகவே போயிருக்கிறது. ஒரு அளவைத் தாண்டிக் கத்தியபோது அந்தப் பலன் கவிழ்ந்துவிட்டது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. சோம்பலாக ஆடும் அணியிடம், "என்னப்பா தூங்கறீங்களா?" என்று அதட்டுவது வேறு. ஒரு பையனைத் தனியாக நிறுத்தி அவன் பிறப்பு வளர்ப்பு வரைக்கும் போவது வேறு.

சரி, கத்தாமல் ஜெயித்த ஆள் உண்டா என்றால், ஜான் வுடனைப் பாருங்கள். அமெரிக்காவில் யூசிஎல்ஏ என்ற பல்கலைக்கழகத்து அணியின் கோச். 12 வருடத்தில் 10 தேசியப் பட்டம், அதில் ஏழு தொடர்ச்சியாக. அவருடைய கடைசி சீசனில், 1974-75இல், ரொனால்ட் கலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் 15 பயிற்சிகளில் ஓரமாக உட்கார்ந்து அவர் வாயிலிருந்து வருவதை எல்லாம் குறித்தார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள். பாராட்டு 6.9 சதவீதம், அதிருப்தி 6.6 சதவீதம். முக்கால் பங்குக்குச் சுத்தமான தகவல்: எப்படிச் செய்வது, எப்போது வேகம் கூட்டுவது. தப்பு நடந்தால் அவர் செய்வது இதுதான்: சரியாகச் செய்வது எப்படி என்று காட்டுவார், அந்தப் பையன் செய்ததைக் காட்டுவார், மறுபடியும் சரியானதைக் காட்டுவார். சில விநாடிதான். ஆட்டம் தொடரும். சீசனின் முதல் நாளில் சாக்ஸ் போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பாராம். சுருக்கம் விழுந்தால் காலில் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட முடியாது. எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வந்தது அந்தச் சாக்ஸில்தான்.

இதைப் படித்த பிறகு நானும் என்னை எண்ணிப் பார்த்தேன். போனில் ரெக்கார்டரைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரப் பயிற்சி எடுத்தேன். ராத்திரி உட்கார்ந்து நோட்டில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டேன். ஒரு பக்கம் திட்டியது, மறுபக்கம் சொல்லிக்கொடுத்தது. திட்டு பக்கம் கோடு அடுத்த தாளுக்குப் போனது. "ஏய், பாத்து ஆடு", "அறிவில்ல?", "எத்தனை வாட்டி சொல்றது?" இவ்வளவுதான் என் குரல். பாத்து ஆடு என்றால் எதைப் பார்ப்பது? பிள்ளைக்கு எப்படித் தெரியும்? என் பழைய கோச்சின் குரலேதான் அது. கேட்டுவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை மாற்ற முயற்சி செய்கிறேன். வாயைத் திறந்தால் உடம்பின் ஒரு பாகத்தின் பெயர் வர வேண்டும். முழங்கை, மணிக்கட்டு, இடது கால். "முழங்கையை உள்ளே வை" என்றால் பிள்ளை முழங்கையைப் பார்க்கும். "அறிவில்லையா" என்றால் என் முகத்தைப் பார்க்கும். கோபம் இன்னும் வரத்தான் செய்கிறது. வரும்போது கோர்ட்டை ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறேன், பிள்ளைகளுக்கும் அது இப்போது தெரியும்.

மகனைச் சேர்த்த அந்த அப்பாவிடம் நேற்று போனில் பேசினேன். தோலையும் விட்டுவிடுகிறேன் அண்ணா, பையனை மாதம் ஒருமுறை வந்து பாருங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "சரிங்க சார், வரேன்" என்றார்.

சனிக்கிழமை எங்களுக்கு ஒரு சின்ன மேட்ச் இருந்தது. ஏழாவது படிக்கும் ஒரு பெண் பிள்ளை, ஆட்டம் முடிய நாற்பது விநாடி இருக்கும்போது ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றாள். முதல் ஷாட் விழவில்லை. உடனே என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது, அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. நான் என் முழங்கையை மட்டும் தொட்டுக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டாள். பந்தை இரண்டு தட்டு தட்டினாள், வளையத்தைப் பார்த்தாள், போட்டாள். அதுவும் விழவில்லை. வளையத்தின் முன்பக்கம் பட்டுத் திரும்பியது.

இந்த முறை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. எகிறிய பந்து யார் கையில் போகிறது என்று பார்த்துக்கொண்டே டிஃபென்ஸுக்கு ஓடிவிட்டாள்.

அதோ, இரண்டு பேர் சைக்கிளில் வந்துவிட்டார்கள். நான் கிளம்புகிறேன். நீங்கள் எந்த விளையாட்டு ஆடினீர்கள், அப்போது உங்கள் கண் எங்கே இருந்தது, கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.