கோட்பாடு கேட்பது பொறுமையான வாசிப்பை

பேராசிரியர் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் வணக்கம்.

இலக்கியக் கோட்பாட்டுத் தாள் என்றாலே பாதி வகுப்புக்குப் பயம். டெரிடா, பூக்கோ, லக்கான் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர்களின் பெயர்களை உருப்போட்டுத் தேர்வில் கொட்டிவிட்டு வருகிறோம். இவையெல்லாம் பல்கலைக்கழகத்துக்குள் ஏன் வந்தன என்று கேட்பதேயில்லை.

1920களில் கேம்பிரிட்ஜில் இலக்கியம் கற்பித்த ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொன்னார். ஜான் டன், ஹாப்கின்ஸ் போன்ற புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர்களின் கவிதைகளையே பலர் மட்டம் என்று தள்ளிவிட்டார்கள். கவிஞரின் புகழைத் தெரிந்துவைத்திருப்பது வேறு, கவிதையைப் படிப்பது வேறு என்று அந்த விடைத்தாள்கள் காட்டின. 1929இல் அவை நூலாகவும் வந்தன. கவிஞரின் வாழ்க்கையை விட்டுக் கவிதையின் சொற்களையே நுணுகிப் படிக்கும் புதுத் திறனாய்வு அமெரிக்காவில் இந்த வழியில்தான் வளர்ந்தது. ஆனால், நல்ல கவிதை எது என்று தீர்ப்புச் சொல்லும் கண் யாருடையது என்ற கேள்வி மிச்சமிருந்தது.

1966 அக்டோபரில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு. மொழியையும் பண்பாட்டையும் அவற்றின் உள்ளமைப்பைக் கொண்டு விளக்கும் பிரெஞ்சு அமைப்பியலை அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்தக் கூட்டியது. அங்கே 36 வயது டெரிடா, அமைப்பியலின் பெரிய பெயரான மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸையே கேள்விக்குள்ளாக்கினார். 1978இல் எட்வர்ட் சயித், கீழைத்தேயத்தை ஐரோப்பா எழுதிய விதத்தை விசாரித்தார். அந்தக் 'கண் யாருடையது' கேள்வி அப்போது உலக அளவுக்கு விரிந்துவிட்டது.

கோட்பாட்டாளர்களில் எனக்கு மிக நெருக்கமானவர் பிரெஞ்சு விமர்சகர் ரோலன் பார்த். பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கின் 'சராசீன்' என்ற கதையை எடுத்துக்கொண்டு, அதை 561 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் நின்று நின்று படித்தார். 1970இல் வந்த 'எஸ்/இசட்' அந்த வாசிப்புதான். முதல் துண்டு எது தெரியுமா? கதையின் தலைப்பு! சராசீன் என்பது ஆளா, பொருளா? ஆணா, பெண்ணா? அது ஒரு சிற்பியின் பெயர் என்பது வெகுநேரம் கழித்துத்தான் தெரிகிறது. பெண் என்று நம்பி அந்தச் சிற்பி காதலிக்கும் பாடகரோ, விதை நீக்கப்பட்ட ஆண். ஆணா பெண்ணா என்று தலைப்பிலேயே எழுந்த சந்தேகம் கதையின் உயிர்நாடியாகிவிடுகிறது. கதையை மேலோட்டமாகப் புரட்டுகிறவருக்கு இது கிடைக்குமா?

நாமோ தலைகீழாகச் செய்கிறோம். இந்த நாவலுக்குப் பெண்ணியம், அந்த நாவலுக்குப் பின்காலனியம் (காலனி ஆட்சியின் தாக்கத்தை ஆராயும் பார்வை) என்று முதலில் லேபிளை ஒட்டிவிட்டு, அதற்குத் தோதாக நாலு மேற்கோளைத் தேடுகிறோம். நாவலைத் திறக்காமலே ஆய்வேட்டை முடித்துவிடலாம் போலிருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. விமர்சகர் தமிழவன் 1982இல் அமைப்பியல் பற்றி 'ஸ்ட்ரக்சுரலிசம்' நூலை எழுதியபோது தமிழில் திறந்த கதவு இதற்காக அல்ல.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கருத்தரங்குக் கட்டுரைக்கு உங்களுக்குப் பிடித்த கதையின் ஒரே ஒரு பக்கத்தை எடுங்கள். வரி வரியாகக் கேள்வி கேளுங்கள். பதில் கிடைக்காத இடத்தில் பார்த்தையோ சயித்தையோ துணைக்குக் கூப்பிடுங்கள்.