ஜீப் ஏறாத நாள்கள்: பொருளாதார மந்தநிலை என்பது என்ன?

அனைவருக்கும் வணக்கம். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறும் மலைச்சாலையின் அடிவாரத்தில் நின்று பேசுகிறேன். கேரளத்து இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் நம் பெண்கள், விடியும் முன்பே இவ்வழியாகத்தான் ஜீப்பில் மலையேறுகிறார்கள்.

நாட்டின் மொத்த உற்பத்தி தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் சுருங்கினால் அதை மந்தநிலை என்று அழைப்பது பரவலான வழக்கம். விலைச் சரிவையும் மந்தநிலையையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புத்தடி ஏல விற்பனையில் கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், பின்னர் பெரிதும் இறங்கியது. அது ஒரு பயிரின் விலைக் கதை. மந்தநிலையோ எல்லாத் தொழில்களிலும் பரவுவது. ஏனென்றால் ஒருவருடைய செலவுதான் இன்னொருவருடைய வரவு. வாரத்தில் ஆறு நாள் ஏறிய ஜீப் மூன்று நாள் மட்டும் ஏறினால், கூலி குறைந்த பெண் புதுச் சேலையைத் தள்ளிப்போடுகிறார். ஜவுளிக்கடைக்காரர் உதவியாளரை நிறுத்துகிறார். நின்றவர் சீட்டுப் பணம் கட்ட முடியாமல் தோட்டை அடகு வைக்கிறார். நாளைக்கு என்ன ஆகுமோ என்ற அச்சத்தில், கையில் பணம் உள்ளவரும் செலவைச் சுருக்குவதால் சரிவு மேலும் ஆழமாகிறது.

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் இந்தியப் பொருளாதாரம் 23.9 சதவீதமும், அடுத்த காலாண்டில் 7.5 சதவீதமும் சுருங்கியதாக முதல் மதிப்பீடுகள் கூறின. அந்த முதல் காலாண்டில் கட்டுமானத் தொழில் பாதியாகச் சரிந்தபோதும் வேளாண்மை 3.4 சதவீதம் வளர்ந்தது. ஆனால் ஊரடங்கில் கேரள எல்லை அடைக்கப்பட்டதால் மலையேற முடியாமல் வீட்டில் இருந்த பெண்களுக்கு அந்த வளர்ச்சியில் ஒரு நாள் கூலிகூட இல்லை. சராசரிக் கணக்கு யாரையெல்லாம் மறைத்துவிடும் என்பதை நான் இங்கேதான் கண்டேன்.

மக்கள் செலவைக் குறைக்கும்போது அரசு செலவைக் கூட்ட வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு மருந்து, வட்டியைக் குறைப்பது இன்னொன்று. ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு மே மாதம் ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, 4 சதவீதமாகக் குறைத்தது. அது வங்கிக் கடன் உள்ளவருக்கு உதவியது, கைமாற்றுக்கும் மீட்டர் வட்டிக்கும் வாங்கியவரை எட்டவில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு மத்திய அரசு கூடுதலாக 40,000 கோடி ரூபாய் அறிவித்தது. அத்திட்டம் ஊராட்சிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கம்பம் ஒரு நகராட்சி. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், நகரங்களில் வாழ்பவர்களுக்காகவே அய்யன்காளி நகர்ப்புற வேலைத் திட்டம் 2010 முதல் இருக்க, இந்தப் பக்கம் நகராட்சித் தெருவில் குடியிருந்த தோட்டத் தொழிலாளிக்கு அன்று அப்படி ஒரு வேலை இல்லை.