அச்சாணி இல்லாத தேர்

(பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கான பயோமெடிக்கல் துறை அறிமுக நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களே, முதல்வர் அவர்களே, துறைத் தலைவர் அம்மா அவர்களே, என்னிடம் இல்லாததை எல்லாம் இருப்பதுபோல் சொல்லி வரவேற்ற பேராசிரியர் அவர்களே, முன்வரிசை ஓரத்தில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் அம்மா அவர்களே (அவர்களை மேடைக்கு அழைத்திருக்க வேண்டும், போகட்டும்), மாணவச் செல்வங்களே, அவர்களைவிடக் கவலையோடு வந்திருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம். இந்த வெயிலிலும் பொன்னாடை போர்த்தினீர்கள். அன்பு புரிகிறது, வியர்வையும் புரிகிறது.

மூன்று விஷயங்கள் பேசப்போகிறேன். சேர்வதற்கு முன் என்ன செய்ய வேண்டும், சேர்ந்த பிறகு எப்படிப் படிக்க வேண்டும், படித்து முடித்தால் என்ன வேலை. இந்த மூன்றுக்கும் பொதுவாக எங்கள் பாட்டி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. ஆஸ்பத்திரியைத் தேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் மேலே நிற்கிறார், எல்லோரும் கும்பிடுகிறோம். சக்கரத்தின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் அச்சாணிதான், மருத்துவக் கருவிகளைச் செய்து, பழுது பார்த்து ஓடவைக்கும் பயோமெடிக்கல் இன்ஜினீயர்.

முதலில் ஒரு கசப்பு மருந்து. "நீட்டில் மார்க் வரவில்லை, பெயரில் மெடிக்கல் இருக்கிறதே, இதில் சேர்த்துவிடலாம்" என்று வந்திருப்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். இது பாதிக்கு மேல் எலக்ட்ரானிக்ஸ். இன்ஜினீயரிங் கவுன்சிலிங் கட்-ஆப் 200 என்றால் அதில் கணக்குக்கு மட்டும் 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. உயிரியலுக்கு அதில் இடமே இல்லை. கணக்கை விட்டுவிட்டுத் தாவரவியலும் விலங்கியலும் எடுத்த பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறக்காது. இதைப் பத்தாம் வகுப்பு முடிவிலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும். சென்னை ஐஐடியில் மருத்துவ அறிவியலையும் பொறியியலையும் சேர்த்து நான்கு வருடப் படிப்பு ஒன்று இருக்கிறது, அதற்கு ஐசர் என்கிற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள் நடத்தும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். விசாரித்துப் பாருங்கள்.

இரண்டாவது, எப்படிப் படிப்பது. உடற்கூறியலை மனப்பாடம் செய்யாதீர்கள். இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடித்தால் ஒரு நாளைக்கு 1,03,680 துடிப்பு. வருடத்துக்கு ஏறக்குறைய 3 கோடியே 78 லட்சம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் செயற்கை இதய வால்வு செய்வது எவ்வளவு பெரிய தலைவலி என்று விளங்கும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் டாக்டர் வலியத்தான் தலைமையில் அந்த வால்வைச் செய்தார்கள். முதல் மூன்று மாதிரிகள் தேறவில்லை. நான்காவது தேறியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அப்புறம் ஈசிஜி. நெதர்லாந்து விஞ்ஞானி ஐந்தோவன் அந்தக் காலத்தில் செய்த கருவி சுமார் 270 கிலோ. கையையும் காலையும் உப்புத் தண்ணீர் வாளியில் விட்டுக்கொண்டு நோயாளி உட்கார வேண்டும். அதே வேலையை இன்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறோம். நடுவில் எத்தனை அச்சாணிகள் என்று எண்ணிப் பாருங்கள்!

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் சர்வீஸ் இன்ஜினீயராக மதுரையில் இருந்த காலம். தெற்கே ஒரு ஊர் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். குறைமாதக் குழந்தைகளைக் கிடத்தும் வார்மர் ரிப்பேர் என்று போன். ராத்திரி பஸ்ஸில் ஏறினேன். கடைசி சீட், மடியில் டூல் கிட், பக்கத்தில் ஒருவர் கருவாட்டுக் கூடையோடு. விடியற்காலை நாலரைக்குப் போய் இறங்கினேன். வார்டுக்குள் போனால் வார்மரை அணைத்துவிட்டு அதன் தலையில் ஒரு நூறு வாட் பல்பைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்! "ஒரே கத்தல் சார், காது போகுது, அணைச்சு வச்சுட்டோம்" என்றார் நர்ஸ். பதினோரு குழந்தை, இரண்டு நர்ஸ், அவரை என்ன சொல்வது?

மூடியைக் கழற்றினேன். ஹீட்டர் நன்றாக இருக்கிறது. போர்டு நன்றாக இருக்கிறது. பியூஸ் நன்றாக இருக்கிறது. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். "தம்பி, அந்த ஒயரு கீழ விழுந்தா கத்துது. எடுத்து புள்ள மேல வச்சா சும்மா இருக்குது. நான் சொன்னா யாரு கேக்குறா?"

அவ்வளவுதான் விஷயம். சூட்டை அளக்கும் அந்த ஒயர் நுனி குழந்தையின் வயிற்றில் ஒட்டியிருக்க வேண்டும். நழுவினால் மெத்தையின் சூட்டைக் குழந்தையின் சூடு என்று கருவி நம்பிவிடும். பிள்ளை சுட்டுப்போகலாம், குளிர்ந்தும் போகலாம். அதனால்தான் அது கத்துகிறது. காரணம் திரையிலேயே எழுதியிருந்தது, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். டிரெயினிங் வாங்கிய நர்ஸ் மாற்றலாகிப் போய்விட்டார். காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரியைக் கிழித்து, மார்க்கரால் எழுதி ஒட்டினேன்: "கத்தினால் அணைக்காதே. ஒயர் பாப்பா வயிற்றில் இருக்கிறதா, பார்." இரண்டு வருடம் கழித்துப் போனபோது பிளாஸ்திரி மஞ்சளாகிவிட்டது. எழுத்து மங்கிய இடத்தில் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் மேலே எழுதியிருந்தார்கள். கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள்: "பிளாஸ்டர் காய்ந்தால் மாற்று." அது எனக்குத் தோன்றாத வரி.

பன்னிரண்டு வருடமாக மேடைக்கு மேடை இதைத்தான் கேட்கிறேன். ஒவ்வொரு கருவியிலும் ஒரு தமிழ் அட்டை தொங்க வேண்டும், ஐந்து வரி போதும். லட்ச ரூபாய்க் கருவி வாங்குகிறோம், இரண்டு ரூபாய் அட்டைக்கு டெண்டர் இல்லை என்கிறார்கள். துறைத் தலைவர் அம்மா, கடைசி வருடப் பிராஜக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கிப் பைண்டு போட்டு வைக்கும் வழக்கம் ஊருக்கே தெரியும். அதற்குப் பதில் ஒவ்வொரு மாணவரையும் ஒரு வார்டுக்கு அனுப்புங்கள். ஒரு கருவிக்கு அட்டை எழுதி, அந்த வார்டு ஆயாம்மாவிடம் வாசித்துக் காட்டிச் சரிதானா என்று கேட்டுக்கொண்டு வரட்டும். அதற்கு மார்க் போடுங்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது, இதை மறுபடி சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம்.

மூன்றாவது விஷயம் வேலை. துண்டுச் சீட்டு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறது, கம்பெனியில் இருக்கிறது, 2017 மருத்துவக் கருவி விதிகள் வந்த பிறகு தரக்கட்டுப்பாட்டிலும் இருக்கிறது. மிச்சத்தை வெளியே வந்து கேளுங்கள், சொல்கிறேன்.

வாசல் மேசையில் சிரிஞ்ச் பம்ப், நெபுலைசர், வார்மர் மூன்றுக்கும் மாதிரி அட்டை வைத்திருக்கிறேன். இலவசம்தான். வார்மர் அட்டையில் நான்காவது வரி எனக்கே திருப்தியாக இல்லை. செவிலியர் அம்மா, நீங்கள் ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுங்கள். பேனா என்னிடம் இருக்கிறது.